குடும்பத்தோடு கேஜன் பாயில்: எந்தக் கடைக்கு, எப்போது போவது?

பிப்ரவரி பாதி கடந்ததும் ஹூஸ்டன் சாலையோரங்களில் ‘உயிருள்ள கிராஃபிஷ் கிடைக்கும்’ என்ற அட்டைகள் முளைக்கத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருக்கும் வீடுகளில் அப்போது இந்தப் பேச்சு எழும்: எல்லாரும் சொல்கிறார்களே, கிராஃபிஷ் என்ற நன்னீர் உயிரியையும் இறால், நண்டையும் மசாலா நீரில் வேகவைத்துத் தருகிற அந்தக் கேஜன் பாயிலுக்கு ஒரு நாள் குடும்பமாகப் போய் வரலாமா? கட்டாயம் போகவேண்டும் என்பேன். நண்டை உடைத்து, இறாலை உரித்துக் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் தயக்கமின்றி உட்காரக்கூடிய மேசை அது. ஆனால் எந்தக் கடை என்பதை யோசிக்காமல் போனால், பாட்டிக்குக் கண்ணீர் வரும், பேரனுக்குப் பசி தீராது, பில் மட்டும் கனமாக வரும்.

நமக்கு முன்னால் உள்ள வழிகள் நான்கு. லூசியானா முறையில் வேகவைத்து அப்படியே தட்டில் கொட்டித் தரும் கடை. பெல்லேர் சாலைப் பகுதியில் வியட்நாமியர்கள் நடத்தும், பூண்டு வெண்ணெயில் புரட்டிப் பையில் கட்டித் தரும் கடை. வணிக வளாகங்களை ஒட்டி ஆண்டு முழுவதும் நடக்கும் தொடர் உணவகம். இவை எதுவும் வேண்டாமென்றால், மூட்டையாக வாங்கிவந்து வீட்டுப் பின்புறத்தில் நாமே வேகவைப்பது. தாத்தா பாட்டியும் சிறு பிள்ளைகளும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு வியட்நாமியர் கடையே ஏற்றது. காரத்துக்கு அஞ்சாத பெரியவர்கள் மட்டும், அதுவும் ஏப்ரலில் போவதானால், லூசியானா முறையை மிஞ்ச எதுவும் இல்லை. இதுதான் என் முடிவு.

கேஜன் மக்கள், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த அகேடியர்களின் வழிவந்தவர்கள். பிரெஞ்சு பேசியவர்கள், கத்தோலிக்கர்கள். 1755இல் தொடங்கி ஆங்கிலேய ஆட்சி அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து விரட்டியது. பல இடங்களில் அலைந்தபின் அவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் தெற்கு லூசியானாவின் சதுப்பு நிலங்களை வந்தடைந்தார்கள். அங்கே சேற்று நீரில் கிடைத்ததுதான் கிராஃபிஷ்; பார்ப்பதற்குச் சிங்கி இறாலின் குட்டியைப் போல இருக்கும் நன்னீர் உயிரி. இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளும் கிராஃபிஷ் கொழிக்கும் பருவமும் ஒன்றாக வருவதால், புனித வெள்ளியன்று பானை ஏற்றுவது அங்கே பல குடும்பங்களின் வழக்கம். ப்ரோ பிரிட்ஜ் என்ற சிற்றூரை 1959இல் லூசியானா சட்டமன்றம் உலகக் கிராஃபிஷ் தலைநகரம் என்றே அறிவித்தது. ஹூஸ்டனிலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே மூன்றரை மணி நேரம் ஓட்டினால் அந்த ஊர். மே மாதத் தொடக்கத்தில் அங்கே நடக்கும் திருவிழாவையும் சேர்த்துப் பார்க்க முடிந்தால் பயணம் வீண்போகாது.

கடையைத் தேர்ந்தெடுக்கும் முன் நாள்காட்டியைப் பார்க்கவேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். கிராஃபிஷ் ஒரு பகுதி அட்சஃபலாயா ஆற்றுப் படுகையில் இயற்கையாகக் கிடைக்கிறது. பெரும்பகுதி நெல் விளையும் நிலத்திலேயே வளர்கிறது. கோடையில் கதிர் அறுத்தபின் இலையுதிர் காலத்தில் வயலுக்கு மீண்டும் நீர் கட்டுவார்கள். மண்ணுக்குள் வளை தோண்டிப் படுத்திருந்த தாய்க் கிராஃபிஷ் குஞ்சுகளோடு வெளியே வரும். அடித்தாளும் மறுதாம்பும் மக்கி, அதுவே அவற்றுக்கு இரையாகும். ஜனவரியில் பிடிபடுபவை சிறியவை, விலையும் கூடுதல். மார்ச் முதல் மே வரை உருவமும் சுவையும் விலையும் ஒன்றுகூடி வரும் காலம். ஜூன் வந்தால் ஓடு தடித்துவிடும், உரிக்க விரல் வலிக்கும்.

வானம் பொய்த்தால் இந்தக் கணக்கும் பொய்க்கும். 2023 கோடையில் லூசியானாவில் அடித்த வெயிலில் மண் இறுகி, வளைக்குள்ளேயே தாய்கள் மடிந்துபோயின. 2024 தொடக்கத்தில் விலை பல மடங்கு ஏறியது. அந்த மார்ச்சில் ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி கிராஃபிஷ் தொழிலுக்காகவே பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார். ஆகவே போன வருடம் இவ்வளவுதானே என்ற நினைப்பில் புறப்படக்கூடாது. விலைப்பட்டியலில் எண் இருக்காது, சந்தை விலை என்று மட்டும் இருக்கும். போனில் அழைத்து, இன்று பவுண்டு என்ன விலை, உயிரோடு வந்ததா, உறைந்ததா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அங்கே எல்லாரும் கேட்கும் கேள்விதான். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் கிராஃபிஷ் இருக்கிறது என்று ஒரு கடை சொன்னால் அது பெரும்பாலும் உறைந்த சரக்கு. உறைந்து இளகிய வால்சதை தளர்ந்து போயிருக்கும். அதற்குப் பதில் இறால் வாங்கிக்கொள்ளலாம்.

இனி கடைகளுக்கு வருவோம். லூசியானா முறைக்கும் வியட்நாமியர் முறைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: காரம் எங்கே போய்ச் சேருகிறது என்பது.

லூசியானாக்காரர் தண்ணீரில் காரம் ஏற்றுகிறார். பெரிய அலுமினியப் பானை, உள்ளே துளைகள் போட்ட கூடை, அடியில் உறுமும் எரிவாயு அடுப்பு. நீரில் உப்பு, கெயன் மிளகாய்த்தூள், கடுகு, கொத்தமல்லி விதை, பிரிஞ்சி இலை, கிராம்பு எல்லாம் சேர்ந்த மசாலா. நியூ ஆர்லியன்ஸில் 1889இல் தொடங்கிய ஜாட்டரைன்ஸ் இந்த மசாலாவுக்குப் பேர்போன நிறுவனம். பாதியாக வெட்டிய எலுமிச்சை, முழுப் பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு, சோளக்கதிர், தொத்திறைச்சி எல்லாம் அதே பானைக்குள் போகும். கிராஃபிஷைப் போட்டு நீர் மீண்டும் கொதித்தபின் சில நிமிடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். இருபது நிமிடமோ அரை மணியோ அப்படியே ஊறவிடவேண்டும். சூடு இறங்க இறங்க ஓட்டுக்குள் சாறு இறங்கும். சாம்பாரில் வடை ஊறுவதைப்போலத்தான். மிதந்துகொண்டிருந்தவை சாறு குடித்துக் கனத்து அடியில் போய் உட்காரும். அனுபவப்பட்டவர்கள் அதைப் பார்த்துத்தான் கூடையைத் தூக்குவார்கள்.

நன்றாக ஊறிய கிராஃபிஷைத் தின்னும் விதம் தனி. தலையை ஒரு கையிலும் வாலை மறு கையிலும் பிடித்து, இரண்டும் சேரும் இடத்தில் சற்றே முறுக்கி இழுத்தால் பிரிந்துவிடும். தலைப் பக்கத்தில் மஞ்சளாக ஒட்டியிருப்பதைக் கொழுப்பு என்பார்கள். கொழுப்பல்ல, அதன் செரிமானச் சுரப்பி. சுவையின் பெரும்பகுதி அங்கேதான். உறிஞ்சிக் குடிப்பவர்கள் உண்டு. நண்டின் ஓட்டுக்குள் இருப்பதை வழித்துச் சாப்பிடும் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாலின் மேல் வளையங்கள் இரண்டை உரித்துவிட்டு நுனியை அழுத்தி இழுத்தால் சதை முழுதாக வெளியே வரும். ஊறாமல் அவசரத்தில் எடுத்த கடையில் சதை சப்பென்று இருக்கும், அதை மறைக்க ஓட்டின் மேல் மசாலாத் தூளைத் தூவித் தருவார்கள். விரல் எரியும், நாக்குக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் தட்டிலேயே இதைக் கண்டுகொள்ளலாம்.

ஆக, இந்த முறையின் வலிமை அந்தச் சுத்தமான ஆழமான சுவை. குடும்பத்துக்கு அது தரும் தொல்லையும் அதே இடத்தில்தான் இருக்கிறது: பானை ஒன்று, காரமும் ஒன்று. நடுத்தரக் காரம் என்று அவர்கள் வைப்பது எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாங்காது. அதற்கென்று உருளைக்கிழங்கையும் சோளத்தையும் எடுத்துக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பானையிலேயே அதிகக் காரத்தையும் உப்பையும் குடிப்பவை அவைதான். சோளக்கதிரின் ஒவ்வொரு மணிக்கும் இடையில் சாறு தேங்கி நிற்கும். காரம் ஆகாத பிள்ளைக்கு இங்கே மிஞ்சுவது பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் இந்த உப்பை மனத்தில் கொள்ளவேண்டும்.

வியட்நாமியர் கடை இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. 1975க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமிய மீனவக் குடும்பங்கள் பல, டெக்சாஸ், லூசியானா கடற்கரைகளில் இறால் படகுகளில் தொழில் செய்தன. கேஜன் சமையலைப் பார்த்தவர்கள் அதில் தங்கள் கைப்பக்குவத்தைச் சேர்த்தார்கள். இங்கே கிராஃபிஷை மசாலா நீரில் அளவாக வேகவைத்து எடுத்து, உருக்கிய வெண்ணெய், குவியல் குவியலாக நறுக்கிய பூண்டு, எலுமிச்சை, மிளகாய் ஆகியவற்றோடு புரட்டுகிறார்கள். சில கடைகளில் எலுமிச்சைப்புல்லும் ஆரஞ்சும் சேரும். ஹூஸ்டனில் இந்த முறைக்குப் பெயர் வாங்கித்தந்த கடைகளில் ஒன்று, பெல்லேர் சாலையில் 2008இல் தொடங்கிய கிராஃபிஷ் அண்டு நூடுல்ஸ். அதன் சமையற்கலைஞர் டிராங் நூயென், அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதுக்கான பட்டியலில் இடம்பெற்றவர். கலிபோர்னியாவின் கார்டன் குரோவில் 2004இல் ஒரு வியட்நாமியத் தம்பதி தொடங்கிய பாயிலிங் கிராப், பையில் கட்டித் தரும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பியது.

லூசியானாவில் பலர் இதை ஏற்பதில்லை. ஓட்டின் மேல் வெண்ணெய் பூசுவது சமையலே அல்ல, உள்ளே ஏறாத சுவையை வெளியே தடவுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். கிராஃபிஷை மட்டும் வைத்துப் பேசினால் நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் பூண்டு வெண்ணெய் பொருந்துவதுபோல வெறும் மசாலா நீர் பொருந்துவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் நாக்குக்கும் அந்தப் பூண்டு வாசம் அந்நியமில்லை.

அதைவிட முக்கியம், பை தனித்தனி. அப்பாவின் பையில் காரம் கூடுதல், அம்மாவுடையதில் நடுத்தரம், பிள்ளைகளின் பையில் காரமே இல்லாத வெண்ணெய். ஒரே மேசையில், ஒரே நேரத்தில், அவரவர் நாக்குக்கு ஏற்றதை எல்லாரும் சாப்பிடுகிறார்கள். மூன்று தலைமுறை ஒன்றாக உட்காரும்போது இதற்கு ஈடு ஏது? வெறும் சோறு, முட்டை சேர்த்த வறுத்த சோறு, நூடுல்ஸ் எல்லாம் அதே கடையில் கிடைக்கும். சோறு இல்லாமல் சாப்பிட்டதாகவே ஒப்புக்கொள்ளாத தாத்தாவுக்கு அந்த ஒரு கிண்ணம் சோறு போதும். பையின் அடியில் தேங்கிய பூண்டு வெண்ணெயை ஊற்றிப் பிசைந்துகொள்வார்.

தொடர் உணவகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி நிறுத்த இடம் தாராளம், குழந்தை நாற்காலி உண்டு, பத்துப் பேருக்கு முன்பதிவு செய்யலாம், டிசம்பரிலும் திறந்திருக்கும். அவசரத்துக்கு ஆகும். எந்தக் கடல் உணவு கேட்டாலும் ஒரே குழம்பில் புரட்டித் தருவது இவற்றின் பெரிய குறை. படத்தைக் காட்டி விற்கும் பெரிய கூட்டுத் தட்டுகளில் ஸ்னோ நண்டுக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பிடித்த இடத்தில் அல்லது கரையிலேயே வேகவைத்து உறைய வைக்கப்பட்டு வருபவை. கடையில் நடப்பது சூடாக்குவது மட்டுமே. பெரிங் கடலில் நண்டுக் கூட்டம் சரிந்ததால் அலாஸ்கா 2022இல் முதன்முறையாக ஸ்னோ நண்டுப் பிடிப்பையே நிறுத்திவைத்தது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் விலையுயர்ந்த உறைந்த பண்டத்தை, மெக்சிகோ வளைகுடாக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஏன் வாங்கவேண்டும்? கோடையில் போனால் வளைகுடாவின் நீலநண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சதை குறைவு, வேலை அதிகம், ஆனால் ருசி நம் ஊர் நண்டின் ருசி.

இறாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விற்கும் இறாலில் பெரும்பகுதி இறக்குமதி. அண்மை ஆண்டுகளில் அதில் முதலிடம் இந்தியாவுக்கு. ஆந்திரத்துக் குளங்களிலும் தமிழகக் கடற்கரைப் பண்ணைகளிலும் வளர்ந்த வன்னாமி இறாலைத்தான் ஹூஸ்டனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் வளைகுடா இறால் என்ற விலையைக் கொடுத்து அதை வாங்கக்கூடாது. வெளிநாட்டு இறாலையும் கிராஃபிஷையும் பரிமாறும் உணவகங்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று லூசியானாவில் சட்டமே உண்டு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நல்ல கடை தயங்காமல் சொல்லும். தலையோடு இருக்கும் இறாலைக் கேட்டு வாங்குவது நல்லது. சுவையும் கூடும், தரமும் தெரியும்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் முதல்முறை போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். கிராஃபிஷில் உண்ணும் சதை மொத்த எடையில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் வாங்கினால் கிட்டத்தட்ட 70 கிராம் சதை. லூசியானாவில் ஓர் ஆளுக்கு மூன்று முதல் ஐந்து பவுண்டு என்று சர்வசாதாரணமாகக் கணக்குப் போடுவது இதனால்தான். தட்டில் குவிந்து வரும்போது மலைபோலத் தெரியும், அரை மணியில் ஓடுதான் மலையாக இருக்கும். தலையோடு உள்ள இறாலில் பாதியளவு சதை தேறும். வயிறு நிறையவேண்டிய பிள்ளைகளுக்கு இறால், பொழுது போக உரித்துக்கொண்டே பேச விரும்பும் பெரியவர்களுக்கு கிராஃபிஷ் என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் நிற்கும். ஆறு பேருக்கு மேல் போனால் டிப்ஸை பில்லிலேயே சேர்த்துவிடும் கடைகள் பல; அதைக் கவனிக்காமல் இரண்டாம் முறையும் கொடுத்துவிடாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர் ஒருவர் வீட்டில் இருந்தால் தெளிவாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. பையில் வரும் உருளைக்கிழங்கும் சோளமும் அசைவப் பானையில் வெந்தவை. தனியாக வேகவைத்துத் தாருங்கள் என்றால் சில கடைகள் செய்யும், பல செய்யாது. கம்போ சூப்பிலும் சிவப்புப் பீன்ஸ் சோற்றிலும்கூட இறைச்சி இருப்பதே வழக்கம். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஒதுக்குபவர்கள் தொத்திறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆண்டூயி என்ற கேஜன் தொத்திறைச்சி பன்றியில் செய்வது. அம்மா சுத்த சைவம் என்றால் அவரை இந்தக் கடைக்கு அழைத்துப்போய் வறுத்த உருளைக்கிழங்கோடு உட்காரவைப்பது நியாயமில்லை. அவருக்கென்று வேறு ஒரு நாள், வேறு ஒரு கடை.

ஓடுள்ள கடல் உணவு ஒவ்வாத பிள்ளை இருந்தால் இந்த நான்கு வழிகளில் எதுவுமே வேண்டாம். பொரித்த கெளுத்தி மீன் தருகிறோம் என்பார்கள். இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் அதுவும் பொரியும். மேசை முழுவதும் சாறு தெறிக்கும் இடத்தில் ஒதுங்கி உட்கார்ந்து பயனில்லை.

வீட்டிலேயே வேகவைப்பது பத்துப் பேருக்கு மேல் கூடினால் மட்டும் கட்டுபடியாகும். ஒரு மூட்டை ஏறக்குறைய 30 முதல் 35 பவுண்டு இருக்கும். உயிரோடு வாங்கி, செத்தவற்றைப் பொறுக்கி எறிந்து, சேறு போகப் பலமுறை நீர் மாற்றிக் கழுவவேண்டும். அடுப்பைத் திறந்தவெளியில்தான் வைக்கவேண்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது ஆகாது. தனி வீடும், பக்கத்தில் பழகிய லூசியானாக்காரர் ஒருவரும் இருந்தால் அவரிடம் பொறுப்பை விட்டுவிட்டுச் சோற்றையும் தயிரையும் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர், ஏப்ரல் மாதம், பெல்லேர் பக்கம் ஒரு வியட்நாமியர் கடை என்று வைத்துக்கொண்டால் நான் சொல்லும் கணக்கு இது. கிராஃபிஷ் ஆறு பவுண்டு, மூன்று பைகளாக: ஒன்று நல்ல காரம், இரண்டு நடுத்தரம். தலையோடு இறால் இரண்டு பவுண்டு, காரமில்லாத பூண்டு வெண்ணெயில், பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும். சோளமும் உருளைக்கிழங்கும் அந்த இறால் பையில் மட்டும் போடச் சொல்லவேண்டும், காரப் பையில் வேண்டாம். இரண்டு கிண்ணம் வெறும் சோறு, பிள்ளைகளுக்கு ஒரு தட்டு நூடுல்ஸ். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்காமல், முதலில் ஒரு நடுத்தரக் காரப் பையும் இறாலும் வரவழைத்து, கடையின் நடுத்தரம் உண்மையில் எவ்வளவு காரம் என்று பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு ஏழு மணிக் கூட்டத்தில் போகாமல் மாலை ஐந்து மணிக்கே போய்விட்டால், பரிமாறுபவருக்கும் உங்கள் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.